கடல் எந்தப் பக்கம்?

பெண்கள் தலைமை தாங்க வேண்டும் என்று வலியுறுத்தி நடந்த ஒரு நடைபவனிக்குத் தலைமை தாங்கியவன் நான். இந்த வாக்கியத்தில் எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது என்பது வாசிக்கிறவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். எனக்கு விளங்குவதற்கு ஏழு மைல் தூரமும் ஒரு பொலிஸ் நிலையமும் தேவைப்பட்டன.

யுத்த காலம். எனக்கு முப்பத்திரண்டு வயது. வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரியில் உயர்தர வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். (என்ன பாடம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லியே ஆக வேண்டிய இடம் ஒன்று வரும். அங்கேயும் நான் விரும்பிச் சொல்லவில்லை.) ஓய்வு நேரத்தில், கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு பெண்கள் வலைப்பந்தாட்டக் கழகத்துக்குச் செயலாளர். அந்தக் கழகத்தின் செயற்குழுவில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரும் ஆண்கள். எங்களில் ஒருவர்கூட வாழ்நாளில் வலைப்பந்து விளையாடியதில்லை. பயிற்றுவிப்பாளர், ஓய்வுபெற்ற ஓர் அலுவலக லிகிதர். பந்து எந்தத் திசையில் போனாலும் கதிரையில் இருந்தபடி "ஓடு பிள்ளை, ஓடு!" என்பார். அதற்கு மேற்பட்ட உத்தி எதுவும் அவரிடம் இருக்கவில்லை.

அணித்தலைவி ரெஜினா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவரின் மகள். பெரியவர் கதிரையை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருக்கும் நேரங்களில் அணியை உண்மையாகப் பழக்கியவள் அவள்தான். அந்த ரெஜினாவுக்குச் சிங்கப்பூரில் ஆறு வாரப் பயிற்றுவிப்பாளர் பாடநெறி ஒன்றில் இடம் கிடைத்தது. படிப்பும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு, விமானச் சீட்டு எங்கள் பொறுப்பு. ஒரு வெள்ளிக்கிழமையைக் குறிப்பிட்டு, அதற்குள் சீட்டு எடுத்ததற்கு அத்தாட்சி அனுப்ப வேண்டும் என்றார்கள். கூடவே ஒரு பொலிஸ் நற்சான்றும் கேட்டார்கள்.

அந்த வருடங்களில் கொழும்பில் வாழ்ந்த தமிழர்களுக்கு இரண்டில் எது கடினம் என்று தெரியும். காசை எங்கேயாவது புரட்டலாம். ஆனால் ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் எந்தக் காரணத்துக்காகவாவது ஒரு பொலிஸ் புத்தகத்தில் ஏறிவிட்டால் நற்சான்று அவ்வளவுதான். சிங்கப்பூரும் அவ்வளவுதான். ரெஜினாவின் பெயர் அதுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவே வேலை.

செயற்குழு கூடி, வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே கொட்டாஞ்சேனை வரை, 'விளையாட்டில் பெண்களின் தலைமைத்துவத்துக்கு' ஆதரவாக நடைபவனி என்று தீர்மானித்தது. நடக்கிற ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு என்று ஆதரவாளர்கள் எழுதித் தருவார்கள். முன்னால் யார் நடப்பது என்ற கேள்வி வந்தது.

"சேர், நான் முன்னுக்குப் போறன்" என்றாள் ரெஜினா. (அவள் தேநீர்க் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு அவளை அழைத்ததே அதற்காகத்தான் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.)

"வேண்டாம் பிள்ளை" என்றேன். "நாடு இருக்கிற நிலைமையில பொறுப்பான ஒராள் முன்னுக்கு நிக்க வேணும்."

பொறுப்பான ஒராள் யார் என்று எவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எழுந்து நின்றேன், அவ்வளவுதான்.

பொறுப்பை எடுத்தால் நான் அரைகுறையாகச் செய்பவன் அல்ல. அதுதான் வினையாகப் போயிற்று. முதலில் ஆதரவு அட்டைகளைத் தயாரித்தேன். பெயர், முகவரி, மைலுக்கு எவ்வளவு, கையொப்பம் என்று நாலு நிரல் போதும் என்றார்கள். ஒழுங்கு இருக்கட்டும் என்று 'தேசிய அடையாள அட்டை இலக்கம்' என ஐந்தாவது நிரல் ஒன்றைச் சேர்த்தேன். வெள்ளவத்தைச் சனம் ஒரு கேள்வியும் கேட்காமல் நிரப்பிக் கொடுத்தது. யாராவது ஒரு படிவத்தை நீட்டினால் நிரப்பிக் கொடுத்துவிடுவது அந்தக் காலத்தில் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

அடுத்தது வரைபடம். மைல் கணக்கில் காசு தருகிறவர்களை ஏமாற்றக் கூடாது அல்லவா? ஆகவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தனியாக அந்த வழி முழுவதும் நடந்து, காலடிகளை எண்ணி, சின்னக் கொப்பி ஒன்றில் குறித்துக்கொண்டேன். இந்தச் சந்தியிலிருந்து அந்தச் சந்திக்கு இத்தனை காலடி. இங்கே மர நிழல். இங்கே தண்ணீர்க் குழாய். வழியில் இருந்த சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றையும் சின்னச் சின்னப் பெட்டிகளாகக் கீறி, ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் ஓர் இலக்கம் போட்டேன். (அந்தக் காலத்தில், அந்த நகரத்தில், தமிழனான நான், கையில் கொப்பியோடு, சாவடிகளை எண்ணிக்கொண்டு நடந்தேன் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே கை குளிர்கிறது. அப்போது வெயில் மட்டும்தான் உறைத்தது.) பிறகு எல்லாவற்றையும் மெல்லிய தாளில் அழகாகக் கீறி, ஸ்டென்சிலில் ஒற்றியெடுத்து, எழுத்துகளை நிதானமாக எழுதி, டியூட்டரி ரோனியோ இயந்திரத்தில் ஐம்பது பிரதிகள் உருட்டினேன். கடலுக்கு அலை போட்டேன். துறைமுகத்துக்கு ஒரு நங்கூரம்கூடப் போட்டேன்.

"நல்லா இருக்கு சேர்" என்றாள் ரெஜினா. பிறகு படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டோம். இருபத்திரண்டு பெண்பிள்ளைகள். ஒவ்வொருத்தி கையிலும் அடையாள அட்டை, ஆதரவு அட்டை, என் வரைபடம். முன்னால் நான். வெள்ளைத் தொப்பி, கழுத்தில் விசில், கையில் கழகக் கொடி, காலில் முதல் நாள் வாங்கிய வெள்ளைச் சப்பாத்து. பம்பலப்பிட்டி வருமுன்பே சப்பாத்து என்னைக் கடிக்கத் தொடங்கியது. கொள்ளுப்பிட்டியில் தனித்தனியாக இருந்த கொப்புளங்கள் ஒன்றுசேர்ந்தன.

"சேர், நொண்டுறீங்க. கொடியைத் தாங்க, நான் பிடிக்கிறன்."

"இல்லை, இது என்ர நடையே இப்பிடித்தான்."

காலிமுகத்திடலை நெருங்குமுன் ஒரு சாவடியில் மறித்தார்கள். நடைபவனிக்கு எங்களிடம் அனுமதிக் கடிதம் இருந்தது. இராணுவ வீரர் அதை வாசித்துத் தலையசைத்தார். அத்துடன் போயிருக்கலாம். நான்தான் அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று வரைபடத்தையும் நீட்டி, "நாங்கள் இப்போது நிற்பது இந்தப் பெட்டியில்" என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் அதே படத்தைக் கையில் வைத்திருந்த இருபத்திரண்டு பேரைப் பார்த்தார். நடைபவனிக்கு அனுமதி இருந்தது. வரைபடத்துக்கு யாரும் அனுமதி கேட்டிருக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தின் பெயர் வேண்டாம். கடலுக்குப் பக்கத்தில் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை விறாந்தையில் நீள வாங்குகளில் இருத்தினார்கள். மிகச் சின்னவள் ஒருத்தி அழத் தொடங்கினாள். அழுகை அடுத்தவளுக்குத் தொற்றியது. ரெஜினா ஒவ்வொருத்தியிடமும் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். கடைசி ஆளிடம் போகும்போது முதல் ஆளின் அழுகை நின்றிருந்தது. நானும் தைரியம் சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தால் விசில்தான் ஊதும்போல் இருந்தது.

விசாரணைக்குப் போய்த் திரும்பாதவர்களின் கதை எங்கள் எல்லோர் வீட்டிலும் ஒன்றாவது இருந்தது. கொட்டாஞ்சேனையில் இருபத்திரண்டு தாய்மார் மத்தியானச் சாப்பாட்டுக்கு மகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. அதுவரை அந்த நாளை நான் மைல்களாகத்தான் யோசித்திருந்தேன்.

பொறுப்பதிகாரி ஐம்பதை நெருங்கியவர். மெல்லிய குரல். மெல்லிய குரலில் கேள்வி கேட்பவர்களுக்கு நான் எப்போதும் கூடுதலாகப் பயப்படுவேன். என் சிங்களம் பரீட்சைக்காகப் புத்தகத்தில் படித்த சிங்களம். பேசினால் அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் வாசிப்பது போல் இருக்கும்.

"இதை யார் கீறியது?"

"இது என்னால் வரையப்பட்டதாகும்."

"இந்த இலக்கங்கள்?"

"காலடிகள். மைலுக்கு மைல் நன்கொடை வழங்குவோர் ஏமாற்றப்படலாகாது என்பதன் பொருட்டு எண்ணப்பட்டவையாகும்."

அவர் எழுதிக்கொண்டார். "இந்தப் பெட்டிகள்?"

"சோதனைச் சாவடிகள். பிள்ளைகள் அடையாள அட்டையை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்தால் தங்களுக்குத் தாமதம் ஏற்படாது என்று..."

"பெட்டிக்குப் பக்கத்தில் நாலு, ஆறு, நாலு என்று போட்டிருக்கிறது. அது என்ன?"

"அங்கே நிற்பவர்களின் தொகை. எத்தனை பேரிடம் அட்டை காட்ட வேண்டி வரும் என்று பிள்ளைகளுக்கு..."

அந்த வாக்கியத்தை என்னாலேயே முடிக்க முடியவில்லை.

அதிகாரி மேசையில் இருந்த பெரிய புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். ஒரு கான்ஸ்டபிள் பேனாவை எடுத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே வரச் சொன்னார். அணித்தலைவி என்பதால் பட்டியலில் முதல் பெயர் ரெஜினா. பட்டியலைத் தயாரித்தவன் நான்.

அவள் உள்ளே வந்து நின்றாள். அந்தப் பேனாவின் முனையை அவள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை, சிங்கப்பூர், ஆறு வாரம், கதிரையில் இருந்து "ஓடு பிள்ளை" என்று கத்துகிறவருக்குப் பதிலாக மைதானத்தின் நடுவில் நிற்கப்போகிற ஒரு பெண், எல்லாம் அந்த முனையில் வந்து நின்றன. நான் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றினேன்.

ரெஜினா சிங்களத்தில் பேசினாள். அது வர்த்தமானிச் சிங்களம் அல்ல, கொட்டாஞ்சேனைச் சந்தையில் வளர்ந்த சிங்களம். "சேர், பேர் எழுத முந்தி ஒரேயொரு விஷயம். அந்தப் படத்தில கடல் எங்க இருக்கெண்டு ஒருக்காப் பாருங்க."

அதிகாரி பார்த்தார். படத்தைத் திருப்பினார். தலைகீழாகப் பிடித்தார். மறுபடி நேராக வைத்தார். பிறகு எழுந்து யன்னலடிக்குப் போய் வெளியே பார்த்தார். யன்னலுக்கு வெளியே, ஒரு தென்னை உயரத் தூரத்தில், இந்து சமுத்திரம் இருந்தது. வெள்ளவத்தையிலிருந்து வடக்கே நடக்கிறவனுக்கு அது காலங்காலமாக எந்தக் கைப்பக்கம் இருந்து வந்ததோ அந்தக் கைப்பக்கம்தான் இருந்தது. இடக்கை.

என் படத்தில் வலக்கைப் பக்கம்.

மெல்லிய தாளை ஸ்டென்சிலில் வைக்கும்போது நான் மறுபக்கமாகப் புரட்டி வைத்திருக்கிறேன். ஊர் முழுவதும் கண்ணாடியில் பார்ப்பது போல மாறிப்போயிருந்தது. அதன்மேல் எழுத்துகளை மட்டும் நேராக, அழகாக, ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருக்கிறேன். கடல் கிழக்கே போய்விட்டது. துறைமுகம் கடலே எட்டிப்பார்க்காத பொரளைப் பக்கம் போய்விட்டது. நங்கூரம் அங்கிருந்த மயானத்துக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது.

"மூத கோ?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். கடல் எங்கே என்று.

யன்னலைக் காட்டினேன். வேறு வழி இருக்கவில்லை.

"மஹத்தயா என்ன வேலை?"

"ஆசிரியர்."

"என்ன பாடம்?"

சரித்திரம் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. பொலிஸ் நிலையத்தில் பொய் சொல்லக் கூடாது என்ற பயம் அதை விழுங்க வைத்தது.

"புவியியல்" என்றேன்.

"கேட்கவில்லை."

"புவியியல்."

விறாந்தையில் நின்ற கான்ஸ்டபிள்களுக்கும் இந்த முறை கேட்டது. இரண்டு பேர் உள்ளே வந்து படத்தை எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் யன்னலுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அதுதான் மிகவும் வலித்தது.

"எத்தனை வருடமாக?"

"ஒன்பது."

அவர் கான்ஸ்டபிளின் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினார். "இதை வைத்துக்கொண்டு ஒருவன் துறைமுகத்துக்குப் போக வெளிக்கிட்டால் பொரளையில்தான் போய் நிற்பான். இதைக் கீறியவனுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்கள் என்றால் அவர்கள்தான் பாவம்." பிறகு ரெஜினாவைப் பார்த்து, தங்கச்சி முறை சொல்லிக் கூப்பிட்டார். "நங்கி, உனக்குக் கொட்டாஞ்சேனைக்கு வழி தெரியுமா?"

"ஓம் சேர். எங்கட வீடு அங்கதானே."

"அப்படியென்றால் நீ முன்னால் போ. இவரைக் கடைசியில் விடு."

பெண்களின் தலைமைத்துவம் பற்றிய முதலாவது உருப்படியான தீர்மானம் எங்கள் செயற்குழுவில் நிறைவேறவில்லை. அந்த அறையில் நிறைவேறியது.

ஆனால் புத்தகம் திறந்தாகிவிட்டது. திறந்தால் ஏதாவது எழுத வேண்டுமாம். "யாருடைய பெயர்?" என்றார் கான்ஸ்டபிள். "என்னுடையதை மட்டும் எழுதுங்கள்" என்றேன். இதை வீரம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த அறையில் எல்லோரும் ஏற்கனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (அந்த ஒரு வரிக்காகப் பிற்பாடு வருடக்கணக்கில், வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதியப் போகும்போதெல்லாம், படத்தையும் ஸ்டென்சிலையும் கடலையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பாடத்தின் பெயரையும் கேட்டார்கள்.)

அவள் என்னை விற்றுவிட்டாள் என்று அன்று நினைத்தேன். விலை நியாயம்தான் என்று இன்று நினைக்கிறேன்.

வரைபடங்களை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஆதரவு அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். ரெஜினா கொடியை வாங்கிக்கொண்டு முன்னால் போனாள். ஒரு விசில்கூட ஊதவில்லை. இருபத்தொரு பேரும் அவள் வேகத்துக்கு நடந்தார்கள். கடைசியில், கையில் ஒரு சப்பாத்தோடு, நான். கோட்டைப் பக்கத்துச் சாவடிகளில் எல்லாம் அவள்தான் பேசினாள். கொட்டாஞ்சேனைக் கோயில் மணி பன்னிரண்டு அடித்து வெகுநேரம் கழித்து, மைதான வாசலில் தாய்மார் நிற்பது தெரிந்தது. பிள்ளைகளை எண்ணி எண்ணிக் கட்டிப்பிடித்தார்கள். என்னை எவரும் எண்ணவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். திங்கள் விடிவதற்குள் செய்தி வெள்ளவத்தை முழுக்கப் பரவிவிட்டது. நாங்கள் பிடிபட்டதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. தங்கள் பெயரும் முகவரியும் அடையாள அட்டை இலக்கமும் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போய்வந்த அட்டையில் இருக்கின்றன என்பதுதான் அவர்களைப் பிடித்து உலுக்கியது. காலை ஆறரைக்கே எங்கள் வீட்டு வாசலில் ஒருவர். பலசரக்குக் கடைக்காரர்.

"தம்பி, காசு இந்தா. முழுசா இருக்கு. என்ர வரியை வெட்டித் தாரும்."

"ரசீது எழுதித் தாறன் அண்ணை..."

"ஐயோ, நீர் இனி ஒண்டும் எழுதாதையும்! வெட்டித் தாரும்."

பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இருவர். என் மனைவி கமலா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். காசு வாங்குவாள், வரியை வெட்டுவாள், சுருட்டிக் கையில் கொடுப்பாள். சிலர் அங்கேயே கிழித்துப் போட்டார்கள். ஒருவர் வாயில் போட்டு மென்றதாகக் கமலா இன்றும் சொல்கிறாள். நான் அதைப் பார்க்கவில்லை. நன்கொடை என்றால் பத்து முறை வீட்டுக்கு அலையவிடும் சனம் புதன்கிழமைக்குள் கடைசி வரி வரை கொடுத்து முடித்தது. அந்த ஐந்தாவது நிரல் இல்லாவிட்டால் சிங்கப்பூர் இல்லை என்று நான் வெகுகாலம் சொல்லித் திரிந்தேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை சீட்டு எடுத்தோம். நற்சான்றும் வந்தது. ரெஜினா போனாள், படித்தாள், வந்தாள். பெரியவரின் கதிரையை அவளே நிழலில் கொண்டுபோய் வைத்து, அவரை மரியாதையாக அதில் இருத்திவிட்டு, மைதானத்தின் நடுவுக்குப் போனாள். இன்று அவள்தான் கழகத் தலைவி. செயற்குழுவில் ஐந்து பெண்கள். நான் இன்னமும் உறுப்பினர். கூட்டங்களில் தேநீர் போடுவது என் பொறுப்பு. நன்றாகவே போடுகிறேன்.

எங்கள் வீட்டில் நான் யாருக்காவது வழி சொல்லத் தொடங்கினால், அது அடுத்த தெருப் பேக்கரிக்காக இருந்தாலும், மகள் உள்ளறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "அப்பா, கடல் எந்தப் பக்கம்?" அவள் பிறந்ததே அந்த நடைபவனிக்கு இரண்டு வருடங்கள் கழித்து.

போன வருடம் கழக ஆண்டு விழாவில், தேநீர் கொடுக்கிற சாட்டில், ரெஜினாவிடம் கேட்டேன். "பிள்ளை, அந்தப் படம் பிழை எண்டு நீர் எப்ப கண்டனீர்?"

"முதல் நாளே, சேர். எல்லாரும் கண்டதுதான்."

"பின்னை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை? அந்தப் படத்தை வச்சுத்தானே உங்களை நான் கூட்டிக்கொண்டு போனனான்!"

ரெஜினா தேநீரை ஒரு வாய் குடித்தாள். "காலி வீதி நேர் றோட்டுத்தானே, சேர்" என்றாள். "நாங்க ஒருத்தரும் உங்களுக்குப் பின்னால வரேல்லை. நீங்கதான் எங்களுக்கு முன்னால நடந்தனீங்க."